நங்கைக்கால் தலைமடைக்குப் போய்வந்தது

கொல்லம் 1107 புரட்டாசி 26, இங்கிலீஷ் கணக்கில் 1931 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கடுக்கன்குளத்தில் என் வீட்டு வாசலிலிருந்து மாட்டுவண்டி புறப்பட்டது. வானம் மூடிக் கிடந்தது; காற்று இல்லை. விடியற்காலையில் தூறிய மழை தெருப்புழுதியை அடக்கியதோடு நின்றுவிட்டது. வடசேரி வரை ஆறு மைலுக்கு வண்டிக்காரன் திருவிதாங்கூர்க் காசில் ஏழு சக்கரம் கேட்டான். மைலுக்கு ஒரு சக்கரத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆறுக்கு ஒப்புக்கொண்டான்.

கடுக்கன்குளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். சுசீந்திரத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கிறது. நூற்றுப் பதினான்கு வீடு, ஒரு குளம், அந்தக் குளத்தை நம்பிய வயல். எங்கள் ஊர்ச் சம்பா அரிசியை ஒரு மாதம் உண்டவனுக்கு வேறு சீமை அரிசி தொண்டையில் இறங்காது. இதில் மிகை இல்லை. குளத்துக்குத் தண்ணீர் வருவது நங்கைக்கால் என்னும் வாய்க்கால் வழியாக. யாரோ ஒரு நங்கை தன் நகைகளை விற்று வெட்டியது என்பார்கள். மலையடிவாரத்தில் ஆற்றுமேடு என்ற ஊரில் ஆற்றிலிருந்து பிரிந்து, பதினேழு மைல் வளைந்து வந்து எங்கள் குளத்தில் முடிகிறது. தலைமடை ஆற்றுமேடு. கடைமடை நாங்கள்.

தண்ணீர்ப் பங்குக்குப் பத்திரம் கிடையாது. ஆற்றுமேட்டில் கால் பிரியும் இடத்தில் ஒரு பாறை நிற்கிறது. அதில் படுத்திருக்கும் நந்தியைச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்தில் ஒரு மணி. ஆறு ஏறி அந்த மணி நனைந்தால் நங்கைக்காலின் அடைப்புப் பலகையைத் தூக்கி எங்களுக்கு விடவேண்டும். மணி வெளியே தெரிந்தால் பலகையைப் போட்டுவிடலாம். அதற்குக் கீழே ஆற்றில் ஓடுவது ஆற்றுமேட்டாருக்கு. எத்தனை தலைமுறையாக இந்த ஏற்பாடு என்று எவருக்கும் தெரியாது. வழக்கு என்று வந்ததில்லை.

இந்த நாலு வருஷமாகத் தகராறு வந்திருக்கிறது. மழை நாள் குறையவில்லை; நான் எண்ணுகிறவன். ஆனால் குளத்தில் தண்ணீர் இல்லை. ஆற்றுமேட்டார் பலகையைத் தூக்காமலே தூக்கினோம் என்கிறார்கள் என்பது எங்கள் ஊரின் முடிவு. மாசியில் அறுக்கும் கும்பப்பூப் போகத்துக்குப் பாவிய நாற்று இருபத்திரண்டு நாள் வளர்ந்துவிட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் பிடுங்கி நடாவிட்டால் முற்றிப்போகும். குளத்தில் இருந்ததோ முழங்கால் சேறு. நாகர்கோவில் கோர்ட்டில் வழக்குப் போடுவதென்று தீர்மானித்து, கையெழுத்துக்கு வியாழக்கிழமை மாலையைக் குறித்தார்கள். அஞ்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து மாஸ்டராக விலகிய நான் முதல் கையெழுத்து. எதிராளிகளில் முதல் பெயர் ஆற்றுமேட்டு மாதேவன் பிள்ளை. என் ஒரே மகள் பகவதியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். குளத்துக்குத் தண்ணீர் வரும்வரை சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே நான் சொல்லியிருந்ததால், புளிச்சோறு இரண்டு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வடசேரி. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தோசையும் காப்பியும் இரண்டு சக்கரம். காப்பியில் பாதி நுரை. எட்டு நாற்பதுக்கு மோட்டார் பஸ். அழகியபாண்டியபுரம் வரை ஒன்பது மைலுக்கு ஐந்து சக்கரம். டிரைவர் ஆரல்வாய்மொழிக்காரர், பூதப்பாண்டிக்குள் மூன்று ஆடும் ஒரு கிழவரும் மயிரிழையில் தப்பினார்கள். மெதுவாகப் போகச் சொன்னேன்.

"மெதுவா போனா மலைத் தண்ணியில மாட்டுவோம், பெரியவரே," என்றார். "நேத்து மூணு மணிக்கு மேல மழை. நாலு மணிக்கு ஓடை ரோட்டுல ஏறிட்டு. காலையில வந்து பாத்தா பொடி பறக்குது. இப்பமெல்லாம் தண்ணிக்கும் மோட்டார் கெட்டி உட்டிருக்கானுவ."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துக் கேட்டிருக்கலாம். அடுத்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு இறங்கி, ஒன்றரை மைல் நடந்து ஆற்றுமேட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வயல். கன்னிப்பூப் போகம் அறுத்த தாளின் மேல் கொக்குகள். இடது பக்கம் மலை, மேகத்தில் பாதி மறைந்து. எதிராளியின் ஊராக இருந்தாலும் நாஞ்சில் நாடு நாஞ்சில் நாடுதான். ஒரு சாண் நிலம் வீணாகக் கிடக்கவில்லை.

பகவதி வாசலுக்கு ஓடி வந்தாள். என் கையில் இருந்த பொட்டலங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இதென்னப்பா? மக வீட்டுக்குக் கெட்டுச்சோறு கொண்டாந்திருக்கிய?"

உள்ளேயிருந்து மாதேவன் பிள்ளையின் குரல் முன்னால் வந்தது; பிறகு அவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், இரண்டு மடங்கு பருமன்.

"வாரும் ஓய், வாரும். களவு பிடிக்க வந்தீராக்கும்? பொட்டலத்துல என்ன, புளிச்சோறா? எளா பகவதி, உங்கப்பனுக்கு எலை மட்டும் போடு. இந்த வீட்ல எலைக்குக் குறைவில்ல."

"எலையும் வேண்டாம். பொட்டலம் கட்டின வாழை மட்டை போதும்," என்றேன்.

"பாத்தியா, எலைகூட நம்ம ஆத்துத் தண்ணி குடிச்சதுல்லா!" என்று கைகொட்டிச் சிரித்தார்.

உண்டு முடித்து, பன்னிரண்டரை மணிக்கு நந்திப் பாறைக்குப் போனோம். ஆறு இருபது அடி அகலத்தில் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. நந்தியின் மடித்த முன்காலும் குளம்பும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. குளம்புக்கு ஒன்றரை முழம் மேலே மணி, காய்ந்து வெளுத்து. நங்கைக்காலின் வாயில் பலகை போட்டிருந்தது.

"எப்போது கடைசியாகத் தூக்கினீர்கள்?"

"நேத்து ராத்திரி ஏழு நாழிகை. முந்தாநாள் ஒம்பது. இந்த மாசம் மட்டும் ஆறு தரம்."

"எங்களுக்கு ஒரு செம்பு வரவில்லை."

"அப்பம் எவன் குடிச்சான்? நானா? எனக்கு வயிறு பெருசுதான், ஓய், அதுக்காக ஒரு ஆத்தையா குடிப்பேன்?"

குரல் ஏறிவிட்டது. கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே பந்தயம் வைத்தார். இன்றும் மலையில் மழை வரும். மணி நனைந்ததும் மடைக்காரர் பலகையைத் தூக்கினால் நான் ஒரு குலை மட்டி வாழைப்பழம் வாங்கித் தரவேண்டும். தூக்காவிட்டால் அவர் என்னோடு கோர்ட்டுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டேன். பாறைக்கு எதிரே அரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மலை கறுத்தது. எங்கள் மேல் ஒரு துளி இல்லை. நாலு பத்துக்கு ஆற்றில் சருகும் நுரையும் வந்தன. பிறகு நிறம் மாறியது. செம்மண் குழம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு சிவப்பு. நான் எழுந்து நிற்பதற்குள் நந்தியின் குளம்பைக் காணவில்லை. நாலு நாற்பத்தைந்துக்கு மணி முழுகியது. முப்பத்தைந்து நிமிஷத்தில் ஒன்றரை முழம்! மடைக்காரர் சுடலை போய்ப் பலகையைத் தூக்கினார். சிவப்புத் தண்ணீர் நங்கைக்காலுக்குள் உறுமிக்கொண்டு இறங்கியது.

"மட்டிக்குலை," என்றார் மாதேவன் பிள்ளை. "காயா வேண்டாம். பழுத்தது."

மறுநாள், செவ்வாய். கீழ்வானம் வெளுக்கும்போது போய்ப் பார்த்தேன். மணி வெளியே இருந்தது. அதன் மேல் ஒரு விரற்கடை செம்மண். பலகை போட்டிருந்தது. விடியற்காலை மூன்றரைக்கு நந்தியின் மணி தெரிந்தது, பலகையைப் போட்டேன் என்றார் சுடலை. ஆக, நீர் ஓடியது பதினொரு மணி நேரம்கூட இல்லை.

அங்கேயே கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காய்ந்த காலில் புதுத்தண்ணீரின் முனை மனிதன்போல் நடப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்பையும் நண்டுப் பொந்தையும் நிரப்பிவிட்டுத்தான் முன்னால் வரும். மைலுக்கு இரண்டு மணி நேரம் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்தது. பதினொரு மணி நேரத்தில் ஐந்தரை மைல். பின்னால் தள்ளும் தண்ணீர் நின்றவுடன் முனை அங்கேயே மண்ணில் அவிந்துபோகும். எங்கள் குளம் பதினேழாவது மைலில் இருக்கிறது.

மாதேவன் பிள்ளை வேப்பங்குச்சியோடு வந்தார். கணக்கைச் சொன்னேன். குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அப்பம் நாங்க கள்ளனில்ல?"

"இல்லை."

"உரக்கச் சொல்லும்."

"இல்லை என்றேன்."

"பின்ன ஆரு?"

அதுதான் கேள்வி. நாற்பது வருஷத்துக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், இந்தப் பக்கத்து அஞ்சல் ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தேன். இதே பாறையில்தான் குளிப்பேன். ஐப்பசி பாதியில் முழுகிய நந்தியைத் தை மாதம் அறுதியில்தான் திரும்பப் பார்ப்போம். தண்ணீரும் இந்தச் சிவப்பாக இருந்ததில்லை. அடியில் கிடந்த காசு தெரியும். நான் சொன்னதும் மாதேவன் பிள்ளையும், "ஆமாவே, எனக்க கல்யாணத்தப்பமும் அப்பிடித்தான்," என்றார். வருஷந்தோறும் பக்கத்திலேயே இருந்து பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. வயலுக்கு வேண்டியது வந்துகொண்டிருந்ததால் அவர்கள் தலை தூக்கி மலையைப் பார்க்கவில்லை. கடைமடையில் இருந்த நாங்களோ தலைமடைக்கு மேலே ஆறு இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோம்.

"வண்டியைப் பூட்டச் சொல்லும்," என்றேன்.

ஏழு மணிக்குக் கிளம்பி, தோட்டத்து வண்டிப்பாதையில் நாலு மைல். பிறகு நடை. பாதை சேறு. என் இடது செருப்பு சேற்றுக்குள் போனது போனதுதான். குடைக்கம்பால் துழாவியும் அகப்படவில்லை. வலது செருப்பைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

"அத எதுக்குவே சுமக்கேரு?"

"அது பாதி விலை."

பத்தரை மணிக்கு இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்கு வந்தோம். இந்த இரண்டும் கூடித்தான் எங்கள் ஆறு. இடதுகை ஓடை சிவப்பு. நடுவில் இறங்கினால் முழங்கால். ஆனால் கரை மரங்களில் நேற்றைய மண் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. வலதுகை ஓடை கண்ணாடி. குடையை விட்டு அளந்தேன், இடுப்பளவு. அதன் கரையில் மண் கோடு நீருக்கு ஒரு சாண்தான் மேலே. ஒரே மழை, ஒரே மாலை. ஒன்று வந்ததை எல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது. மற்றது இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"இடதுகை மலை செங்குத்து. அதுதான்," என்றார் மாதேவன் பிள்ளை. எதையும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டார்.

அதனால் இரண்டிலும் ஏறினோம். வலதுகையில் காடு. கால் வைத்தால் இலைச்சருகில் கணுக்கால் புதைந்தது. மூன்று அட்டைகள் என்னைப் பிடித்தன; சம்பந்தியை ஐந்து. குடிக்க எடுத்துவந்த செம்புத் தண்ணீரைச் சரிவில் ஊற்றினேன். சத்தமே இல்லாமல் மறைந்துவிட்டது. செம்பை ஓடையில் நிரப்பிக்கொண்டு இடதுகை மலைக்குப் போனோம். அது ரப்பர் தோட்டம். கண்ணுக்கெட்டியவரை வரிசை வரிசையாக மரம். மரத்தடியில் ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. போர் அடிக்கும் களத்தைப்போல் இறுகிய செம்மண். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வெட்டிய வடிகால் கான்கள். சரிவும் காட்டுச் சரிவைவிட அதிகமில்லை. செம்பைக் கவிழ்த்தேன். தண்ணீர் என் வெறுங்காலை நனைத்து, மாதேவன் பிள்ளையின் காலைச் சுற்றி, கானில் விழுந்து, ஓடையை நோக்கி ஓடியேவிட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, மலைக்கு ஞானஸ்நானம் குடுக்குதியளா?"

தோட்டத்துக் கங்காணி ஞானமுத்து. குலசேகரம் பக்கத்து மிஷன் சபைக்காரர். காக்கிச் சட்டை, கையில் பிரம்பு. வந்த காரியத்தைச் சொன்னோம். அவருக்குக் கோபம் வரவில்லை; பெருமைதான் வந்தது.

"பத்துப் பன்னெண்டு கொல்லமாச்சு காடு வெட்டித் தீவச்சு. இப்பம் பாருங்க, ஒரு புல்லு உண்டுமா? இந்த நாலஞ்சு வரியமா, வரியத்துக்கு மூணு களைவெட்டு. தரையில எலை கெடந்தா தொர எனக்க சம்பளத்துல பிடிப்பாரு. இந்தச் சுத்தம் வேற எங்கயும் காணாது, கேட்டியளா."

"பால் வெட்டுகிறவர்களையே காணோமே?"

"ரப்பருக்கு வெலை எங்க? வெட்டு நிறுத்தியாச்சு. களைவெட்டு மட்டும் நிறுத்தல்ல."

"எதிரே அந்தக் காடு?"

"அதுக்கும் கோடு போட்டாச்சு. வெலை ஏறட்டும், அதையும் வெட்டிச் சுத்தமாக்குவோம்."

மாதேவன் பிள்ளை அந்தக் காட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை காணவில்லை.

அப்போது காற்றோடு மழை அடித்தது. என் குடையின் இரண்டு கம்பிகள் முறிந்தன. ஞானமுத்து எங்களைத் தம் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் தேங்காய்ச் சிரட்டையில் பால் சேர்க்காத கட்டன் சாயா கொடுத்தார். மாதேவன் பிள்ளை என்னைப் பார்த்தார். சபைக்காரர் வீட்டில் வாய் நனைக்கும் வழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை; நான் அவரைப் பார்த்தேன். குளிரில் இருவருக்கும் பல் கிட்டியது. குடித்தோம். "ஊர்ல சொல்லண்டாம்," என்றார் சம்பந்தி காதில். சொல்லவில்லை, எழுதுகிறேன். நல்ல சாயா.

மாலை ஐந்தரைக்கு ஆற்றுமேட்டுக்குத் திரும்பியபோது நந்தியைப் பார்த்தோம். அடித்த மழை சிறு மழைதான், மணி நனையவில்லை. ஆனால் குளம்பு இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீரின் சிவப்பும் குறைந்திருந்தது. வீட்டில் புளிச்சோறு வீணாகிவிட்டிருந்தது. பட்டினி கிடந்தேன். பகவதி கதவைச் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே.

புதன் காலை எட்டரைக்கும் குளம்பின் மேல் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. திங்கள் மாலையிலிருந்து நாற்பது மணி நேரம். ஏழு நாழிகையே மணியை நனைத்த ஞாயிறு மழைக்குக் குளம்பு மறுநாளே தெரிந்தது; திங்கள் மழை பெரிது. பார்த்ததும் எனக்கு விளங்கியது. மணியை நனைப்பது தோட்டத்துத் தண்ணீர், வரும், போகும். குளம்பை நனைப்பது காட்டுத் தண்ணீர், அது நிற்கும். எங்கள் பதினேழு மைலுக்கு வேண்டியது முப்பத்துநாலு மணி நேரம்.

சாஸ்தா கோயில் முன்னால் ஊர் கூடியது. மாதேவன் பிள்ளைதான் சொன்னார். இனிமேல் குளம்பு நனைந்ததும் பலகையைத் தூக்கவேண்டும். குளம்பு தெரியும்வரை போடக் கூடாது. ஐயம்பிள்ளை என்ற முதியவர் எழுந்தார்.

"குளம்புக்கும் மணிக்கும் நடுவுல உள்ளது நம்ம தண்ணியாக்கும். அதுல பாதியத் தூக்கி உம்ம சம்பந்திக்குச் சீரா குடுக்கேரா?"

"சீரு குடுக்க வேண்டியது அவருல்லா. இதுவரை ஒரு மட்டிப்பழம்கூட வரல்ல."

சிரிப்பு அடங்கியதும் ஐயம்பிள்ளை விடவில்லை. "மணின்னு வச்சது பெரியவனுவ. மாத்த நாம ஆரு?"

"நந்தி அங்ஙனேதான் கெடக்கு, பாட்டா. ஆறு மாறிப்போச்சு. மணின்னு சொன்னவன் அந்தக் காட்டைப் பாத்துச் சொன்னான். இப்பமும் மணின்னு பிடிச்சா, சொன்ன சொல்லு மட்டும்தான் இருக்கும். குடுக்கணும்னு நெனச்சது போயிரும். கடைமடையில நாத்து காயுது."

நான் எழுந்து எங்கள் பங்கைச் சொன்னேன். குளம்பு தெரிந்த பிறகு ஒரு துளி கேட்கமாட்டோம். மணி முழுகும் நேரத்துச் செந்தண்ணீரைப் பிடித்து வைக்க எங்கள் குளத்துச் சேற்றை எடுத்துக் கரையை ஒரு முழம் உயர்த்துவோம்; நங்கைக்காலின் பதினேழு மைலையும், ஆற்றுமேட்டு எல்லைக்குள் இருப்பது உட்பட, எங்கள் ஆளே செப்பனிடுவார்கள். ஊரைக் கேட்காமல் கொடுத்த வாக்கு; ஊரை ஒப்பவைப்பது இனி என் பாடு. ஐயம்பிள்ளை விரல் விட்டு நாள் எண்ணினார்.

"எனக்க வயலுக்கு ரெண்டு நாள் தாமதிச்சுத் தண்ணி வரும்," என்றார். "சரி. எனக்க நாத்து அவனுவ நாத்தவிட பத்து நாள் இளசு. தாங்கும்."

இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோர்ட் இல்லை, முத்திரைக் காகிதம் இல்லை. தன் வயலுக்கு வரும் தண்ணீரை ஒரு நாஞ்சில் நாட்டான் தன் வாயால் குறைத்துக்கொண்டான். இப்படிப்பட்டவர்கள் மேல் வழக்குப் போடப் பார்த்தோம்.

வருஷந்தோறும் மணிக்குத்தான் சந்தனம் சாத்துவார்கள். அன்று சுடலை தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி, முழுகிக் கிடந்த குளம்பில் பூசினார். உடனே கரைந்து போய்விட்டது, மறுபடி பூசினார். தேங்காய், சூடம், சந்தனம் வகையில் என் பாதி இரண்டு சக்கரம் எட்டுக் காசு. பலகை தூக்கப்பட்டது.

"தண்ணி விட்டாச்சு," என்றார் மாதேவன் பிள்ளை. "இன்னும் எங்க வீட்ல கை நனைக்கமாட்டேரா?"

"குளத்துக்கு வரும்வரை என்று சொல்லியிருக்கிறேன்."

பகவதி கரையில் நின்றுகொண்டிருந்தாள். "வருதுல்லா? நாளைக்கு வந்தா என்ன, இன்னைக்கு வந்தா என்ன? பட்டினி கெடந்து செத்தா அந்தத் தண்ணிய ஆரு எண்ணுவா?"

போனேன். சோறு, உள்ளித்தீயல், எரிசேரி, மோர். இரண்டு நாளில் முதல் சுடுசோறு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சம்பந்தி நாலு என்கிறார். அவருக்கு எண்ணத் தெரியாது.

அழகியபாண்டியபுரம் முக்கில் பழுத்த மட்டிக்குலை ஒன்று பன்னிரண்டு சக்கரத்துக்கு வாங்கி, சம்பந்தியின் வண்டியில் ஏற்றிவிட்டேன். அதிலேயே ஒரு சீப்பைப் பிய்த்து என் மடியில் போட்டார். மதியம் பஸ், ஐந்து சக்கரம். வடசேரியில் குடைக்கம்பி மாற்ற மூன்று சக்கரம். புதுச் செருப்பு பதினெட்டுச் சக்கரம். பழைய வலது செருப்பைக் கழித்துக்கொள்ளக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். ஊருக்கு வண்டி ஆறு சக்கரம்.

வியாழன் மாலை எங்கள் ஊர் கூடியது. நான் பாதி சொல்வதற்குள் ஒரு குரல்: "மாஸ்டரே, சம்பந்தி வீட்டுத் தீயல் எப்பிடி இருந்தது?"

"நன்றாக இருந்தது. ஒரு கல் உப்புக் குறைவு," என்றேன். மீதியையும் கேட்டார்கள். செம்புத் தண்ணீர்க் கதையை இரண்டு தரம் சொல்லவைத்தார்கள். வழக்கு இல்லை என்று முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியோடு குளத்தில் இறங்கினார்கள். எண்ணினேன், நூற்றுப் பதினான்குக்கு நூற்றுப் பதினொன்று. மூன்று வீட்டில் காய்ச்சல்.

கையெழுத்து மட்டும் நிற்கவில்லை. எங்கள் நாற்று பிழைத்தாலும், அந்த வலதுகைக் காட்டை வெட்டினால் குளம்பும் மணியும் ஒன்றாகிவிடும். காட்டை விட்டுவைக்கும்படி சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். முதல் கையெழுத்து நான். இரண்டாவது மாதேவன் பிள்ளை, மூன்றாவது ஐயம்பிள்ளை. தலைமடையும் கடைமடையும் ஒரே காகிதத்தில். நான் வேலை பார்த்த அஞ்சலிலேயே ரிஜிஸ்டர் செய்து அனுப்ப இரண்டு சக்கரம். பதில் இன்னும் வரவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு, அஞ்சல்காரர் இப்போது என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்.

புதன்கிழமை விட்ட தண்ணீர் பன்னிரண்டாவது மைல்வரை வந்து ஈரமாக்கிவிட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மலையில் பெரு மழை. ஐப்பசி 3, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நுரையைத் தள்ளிக்கொண்டு, ஒரு மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, நங்கைக்கால் எங்கள் குளத்துக்குள் வந்தது. முதலில் சிவப்பு. மத்தியானத்துக்கு மேல் தெளிவு. கரையில் நின்றவர்களுக்கு அது வெறும் தண்ணீர். எனக்கு அது எந்த மலையிலிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மறுநாள் நாற்றைப் பிடுங்கினோம்.

போகவர, பந்தயம், செருப்பு, குடை, அஞ்சல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு, ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம், சக்கரத்துக்குப் பதினாறு காசு என்ற கணக்கில், இரண்டு ரூபாய் ஐந்து சக்கரம் எட்டுக் காசு.